ஏழு நாள் தவணை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் கிள்ளான் நகரிலும் விளக்குக் கம்பங்களில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டுகளை நேயர்கள் கண்டிருப்பார்கள். உடனே பணம் கிடைக்கும் என்னும் அறிவிப்பும் ஒரு கைத்தொலைபேசி எண்ணும் அன்றி அவற்றில் வேறொன்றும் இராது. கொடுப்பவர் பெயரும் இராது. வட்டி விகிதமும் இராது. இத்தகையோரைச் சீனர் வழக்கில் 'ஆலோங்' என்றும், நம்மவர் வழக்கில் 'வட்டிமுதலை' என்றும் கூறுவர். இது நேற்று முளைத்த தீமை என்று கருதுவோர் சிலர். இதற்கெல்லாம் வித்திட்டவர் அந்நாளைய செட்டியாரே என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவோர் பலர். இவ்விரு கருத்தும் வரலாற்றுக்கு ஒவ்வாதவை என்பதே நமது எண்ணம்.

செட்டியாருக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. ஆயினும் அவர் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும். கோலாலம்பூர் அம்பாங் தெருவில் கிட்டங்கி வைத்துப் பெட்டியடிக்குப் பின்னே அமர்ந்திருந்த செட்டிநாட்டு லேவாதேவிக்காரர், ஈடில்லாதவனை ஏறெடுத்தும் பார்த்தாரில்லை. நிலப்பட்டா உடைய மலாய்க் குடியானவர், ஈயச் சுரங்கமும் கடையும் நடத்திய சீனர், மாதச் சம்பளம் வாங்கும் சர்க்கார் குமாஸ்தா, இரயில்வே ஊழியர் முதலியோரே அவருடைய வாடிக்கைக்காரர்கள். மலாய்க்காரரின் நிலம் கடனுக்காகக் கைமாறிவிடும் என்ற அச்சமே 1913இல் மலாய் நில ஒதுக்கீட்டுச் சட்டம் பிறந்ததற்கு ஒரு முக்கிய காரணம். 1925இன் இறுதியில் இராத்தல் ஒரு வெள்ளிக்கு மேல் விற்ற ரப்பர், 1932இல் பத்துக் காசுக்கும் கீழே விழுந்தபோது, அவ்வச்சம் மெய்யாகும் நிலை வந்தது. சிறு தோட்டங்கள் ஏலம் போவதைக் கட்டுப்படுத்த 1931இல் ஒரு சட்டமும், ஒதுக்கீட்டு நிலத்தைப் பிறருக்கு ஈடு வைப்பதைத் தடுக்க 1933இல் ஒரு திருத்தமும் செய்தனர். பர்மாவில் அத்தகைய தடை எதுவும் இருந்ததில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலத்தை வைத்திருந்த செட்டிமார், 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து பங்குக்கு உடையவரானார்கள். நிலத்தைத் தேடிச் சென்று வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். திரும்பாத கடனுக்கு ஈடாக அது அவர்கள் தலையில் வந்து விழுந்தது. அதனால் வந்த பகை எத்தகையதென்பதைப் பர்மாவை விட்டு ஓடிவந்த குடும்பங்கள் அறியும்.

நிற்க. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியிடம் பட்டா இல்லை, நகை இல்லை, கையெழுத்துப் போடும் கல்வியும் இல்லை. ஆகவே அம்பாங் தெருவின் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. அவனுக்குக் கடன் கொடுத்தவர்கள் வேறு. முதலில் கங்காணி. ஊரிலிருந்து அழைத்துவந்த செலவையும் முன்பணத்தையும் அவன் தலையில் எழுதி, தோட்டத்தைவிட்டு நகரவொட்டாமல் செய்தார். 1907இல் தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்தபின், கப்பற்செலவை அந்நிதி ஏற்றது. தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கலாம் என்றார்கள். இறங்கினான், உண்மைதான். ஆனால் கூலி கைக்கு வருவது மாதம் ஒருமுறை, வயிறு கேட்பதோ நாள்தோறும். ஆடவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசும் பெண்டிருக்கு நாற்பது காசும் தாராளக் கூலி என்று பேசப்பட்ட காலம் அது. இடையிலுள்ள நாட்களைத் தோட்டத்து மளிகைக்கடைப் பற்றுப் புத்தகம் நிரப்பிற்று. எஞ்சிய காசைக் கள்ளுக்கடை வாங்கிக்கொண்டது. 1941இல் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுக என்பதும் ஒன்று. சம்பளம் போதாது என்று கேட்டவர்களே, கிடைக்கும் சம்பளத்தை விழுங்கும் கடையையும் மூடச் சொன்னார்கள். இதைக் கூலிகளின் அறியாமை பற்றி உபதேசிக்கும் பெரியோர் கவனிப்பாராக! அவ்வேலைநிறுத்தத்தைச் சர்க்கார் துப்பாக்கியால் அடக்கியது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1951ஆம் ஆண்டு இரு சட்டங்களைக் கண்டது. ஒன்று வட்டித் தொழிலை உரிமத்துக்கு உட்படுத்தியது. மற்றொன்று தொழிலாளர் சேமநிதியை ஏற்படுத்தியது. 1960இல் தோட்டத் துண்டாடலின்போது வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, சேமிக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கிய அதே தொழிலாளி பங்குப்பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினான். தமக்குள் சீட்டுப் பிடித்துக் கொள்வதும் நம்மவர் வழக்கம். அச்சீட்டு மோசடிகள் பெருகவே 1971இல் அது தடை செய்யப்பட்டது. அத்தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்னும் நம் சொல் ஏறியிருப்பது ஒரு விசித்திரம்.

தோட்டங்கள் வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறின. அங்கிருந்தோர் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்ககங்களுக்கு வந்தனர். மளிகைக்கடைப் பற்றும் போயிற்று. கூலிநாளுக்கும் கூலிநாளுக்கும் இடையிலுள்ள பள்ளம் மட்டும் அவர்களோடு வந்தது. அப்பள்ளத்தில்தான் வட்டிமுதலை குடியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். இன்றைய சட்டப்படி உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் வட்டி வாங்கலாகாது. ஆயிரம் வெள்ளிக்கு மாதம் பதினைந்து வெள்ளி. வட்டிமுதலை வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்தால், ஒரு வார வட்டியே நூறு வெள்ளி. ஏறக்குறைய ஏழு மாதச் சட்டவட்டி! அந்நூறையும் முன்னதாகப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரமே கையில் தருவார். பத்து வாரம் தவறாது வட்டி கட்டியவன் ஆயிரம் வெள்ளி கொடுத்திருப்பான். முதல் அப்படியே நிற்கும். தவணையை ஏழு நாள் என்று வைப்பது விரைவில் திருப்பிப் பெறுவதற்காக அன்று. மாதச் சம்பளக்காரனால் ஏழாம் நாள் முழுத்தொகையைக் கட்ட இயலாது என்பது கொடுப்பவருக்குத் தெரியும். கட்ட இயலாமைதான் அவருடைய மூலதனம். செட்டியாருக்கு முதல் திரும்ப வேண்டும், அதற்கு ஈடும் வேண்டும்; இவருக்கோ முதல் திரும்பாதிருப்பதே இலாபம்.

உரிமமின்றிக் கடன் கொடுப்போருக்கு இரண்டரை இலட்சம் முதல் பத்து இலட்சம் வெள்ளி வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் சட்டத்தில் உண்டு. கடனில் தவிப்போருக்கு வழிகாட்ட 2006இல் மத்திய வங்கி ஓர் ஆலோசனை நிறுவனத்தையும் அமைத்தது. ஆயினும் வங்கி கேட்கும் சம்பளச் சீட்டையும் ஜாமீனையும் திரட்டி முடிப்பதற்குள் பள்ளி திறந்துவிடுகிறது, வாடகை நாள் வந்துவிடுகிறது. சீட்டிலுள்ள எண்ணோ அன்று மாலையே பதில் சொல்கிறது. ஈடாக அவர் கேட்பது பட்டாவும் நகையும் அல்ல. வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணுந்தான். கொடுத்த பின்னர், சம்பள நாளன்று பண இயந்திரத்தின் முன் நிற்பவர் உழைத்தவர் அல்லர். தாம் உழைத்த கூலியில் மீதி எவ்வளவு என்பதை மற்றொருவர் சொல்லக் கேட்டே அவர் தெரிந்துகொள்கிறார்; மறுத்தால் வாயிற்கதவில் செஞ்சாயம் ஊற்றப்படுகிறது.