பள்ளியாசிரியர் ரஹீமும் இந்தியக் கால்பந்தும்

தேவனாம்பட்டினத்து மணலில் பந்துதைக்கும் பிள்ளைகளுக்குக் காலணி ஒரு பொருட்டன்று. வெறுங்காலுக்கு மணல் இணக்கமானது. குளிர்நாட்டு ஈரப் புல்தரை அவ்வாறன்று. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி, யுகோஸ்லாவியாவிடம் 10க்கு 1 என்று தோற்றபோதுதான் இந்த வேறுபாடு நாட்டுக்கு உறைத்தது. அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. அத்தோல்வியின் சுமையைத் தாங்கிய பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம், அடிப்படையில் ஒரு பள்ளியாசிரியர்.

ஐதராபாத்தில் 1909இல் பிறந்து, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, அந்நகரப் பள்ளிகள் சிலவற்றில் பணியாற்றியவர் அவர். 1943 முதல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். அவரிடம் பயின்ற ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது.

ரஹீமின் முறையில் வகுப்பறையின் மணம் வீசும். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டுவதற்கு இடமில்லாத போட்டிகளையும், பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டிய போட்டிகளையும் இளைஞர்களுக்காக நடத்தினார். எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு அதே சொல்லை நூறுமுறை எழுதச் சொல்லும் ஆசிரியரை நாம் அறிவோம்; இவர் அதனினும் நுட்பமானவர். பிழை நேர வழியே இல்லாத பயிற்சியை அமைத்தார்.

1951இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1க்கு 0 என வென்று தங்கம். 1956இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4க்கு 2 என வீழ்த்தி நான்காமிடம். நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தது அந்த ஆட்டத்தில்தான்.

1962 ஜகார்த்தாதான் அவர் வாழ்வின் உச்சம். தைவானையும் இஸ்ரேலையும் இந்தோனேசியா விலக்கியதை இந்தியரான ஜி.டி.சோந்தி கண்டித்திருந்ததால், அரங்கம் நிறைந்த கூட்டம் இந்திய அணியைக் கூச்சலிட்டே வரவேற்றது. ரஹீமின் நுரையீரலையோ புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2க்கு 0 எனத் தோல்வி. தாய்லாந்துடன் ஆடுகையில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது. தையலிட்ட தலையோடு அவரை வெளியே உட்கார வைக்காமல், முன்வரிசையில் நிறுத்தினார் ரஹீம்! துணிச்சலா, கொடுமையா என்று கேட்போர் கேட்கலாம். செப்டம்பர் 4இல் அதே கொரியாவுடன் நடந்த இறுதியாட்டத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 2க்கு 1 என வென்றது. அன்று கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். சென்னைப் படைப்பிரிவு மையத்து அணியில் வளர்ந்தவர்.

1963 ஜூன் 11இல் ரஹீம் மறைந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு அதன்பின் தங்கம் வாய்க்கவில்லை.

அவரிடம் பயின்ற தமிழ்நாட்டு வீரர் சைமன் சுந்தரராஜ், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றளவும் அதுவே. பின்னர் அவரும் பயிற்றுநரானார். 1973இல் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியை 3க்கு 2 என வென்று கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை ஏந்தியபோது, அந்த அணியைப் பயிற்றுவித்தவர் சுந்தரராஜ்.