ஓசெடாக்ஸ்: எலும்பில் வேர்விடும் கடற்புழு

ஓசெடாக்ஸ், கடலடியில் கிடக்கும் திமிங்கல எலும்புகளைத் தின்று வாழும் புழுப் பேரினம். வளைதசைப் புழுக்கள் தொகுதியில் மயிர்முட்கள் கொண்ட பாலிகீட்டா வகையைச் சேர்ந்தது, குடும்பம் சைபோகிளினிடே. கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் 2002-இல் கண்டெடுக்கப்பட்டு, 2004 ஜூலையில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் முறைப்படி விவரிக்கப்பட்டது. ஓசெடாக்ஸ் ரூபிப்ளூமஸ், ஓசெடாக்ஸ் ஃபிராங்க்பிரெஸ்ஸி என்ற இரண்டு இனங்களோடு தொடங்கிய இந்தப் பேரினத்தில் இப்போது 25-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. வளர்ந்த பெண் புழுவுக்கு வாய் கிடையாது, இரைப்பை கிடையாது, குடலும் கிடையாது. இருந்தும் கடினமான எலும்பைக் கரைத்து அதன் சத்திலேயே உயிர் வாழ்கிறது.

கண்டெடுப்பு

2002 பிப்ரவரியில் மான்டெரே விரிகுடா நீர்வாழ் காட்சியக ஆய்வு நிறுவனத்தின் குழு ஒன்று, ராபர்ட் வ்ரிஜென்ஹோக் தலைமையில், ஆழ்கடல் சிப்பிகளைத் தேடிக்கொண்டிருந்தது. ‘டிபுரோன்’ என்ற ஆளில்லா நீர்மூழ்கியைக் கப்பலில் இருந்தபடியே இயக்கிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ 2,890 மீட்டர் ஆழத்தில் அதன் விளக்கொளியில் தென்பட்டது இறந்துபோன ஒரு சாம்பல் திமிங்கலம். அதன் எலும்புகளின்மேல் ஆயிரக்கணக்கில் சிவந்த இழைகள் அசைந்துகொண்டிருந்தன. எலும்புத் துண்டுகளோடு அவற்றை மேலே கொண்டுவந்தபோது, அவை எந்த விலங்கு வகையைச் சேர்ந்தவை என்று கப்பலில் இருந்தவர்களால் சொல்ல முடியவில்லை.

திகைப்புக்குக் காரணம் இருந்தது. பாலிகீட்டாப் புழு என்றால் விலங்கியல் படித்தவர் மனதில் எழும் உருவம் ஒன்று உண்டு: வளையம் வளையமான உடல், வளையத்துக்கு இருபுறமும் துடுப்பு போன்ற பக்கக்கால்கள், அவற்றில் கொத்துக் கொத்தாக மயிர்முட்கள். நம் கடலோர இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீனியாகப் போடும் புழுக்கள் இப்படிப்பட்டவைதான். மான்டெரேயில் கிடைத்த புழுவில் இவற்றில் ஒன்றுகூட வெளிப்படையாகத் தெரியவில்லை. ஆகவே தோற்றத்தை மட்டும் நம்பி அதை விவரித்திருக்கவே முடியாது. டி.என்.ஏ. வரிசைதான் முதலில் வழிகாட்டியது. வெந்நீர் ஊற்றுகளின் ஓரம் வாழும் ராட்சதக் குழல்புழுக்களுக்கு இது உறவு என்று அது சொன்னது. அன்று தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருந்த பாலிகீட்டா வல்லுநர் கிரெக் ரவுஸ், ஷானா கோஃப்ரெடி, வ்ரிஜென்ஹோக் ஆகிய மூவரும் சேர்ந்து இனவிவரிப்பை வெளியிட்டார்கள்.

குழல்புழுக்களும் ஓசெடாக்ஸும் அடங்கிய சைபோகிளினிடே குடும்பத்தின் வரலாறே இத்தகைய குழப்பங்கள் நிறைந்தது. டச்சுக் கப்பலான ‘சிபோகா’, இன்றைய இந்தோனேசியக் கடலில் 1899-1900-இல் அள்ளிவந்த மெல்லிய குழல்புழுக்களை 1914-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் மொரீஸ் கோலரி விவரித்தார். குடலில்லாத அந்த உயிர்களை எங்கே வைப்பது என்று தெரியாமல், பின்னால் வந்தவர்கள் தனித் தொகுதியே படைத்தார்கள். அரை நூற்றாண்டுக் காலம் ஆய்வாளர் கைக்குக் கிடைத்த மாதிரிகள் அனைத்தும் பின்பகுதி அறுந்தவை. அந்தப் பகுதி சேற்றிலேயே தங்கிவிட்டது. 1964-இல்தான் பின்பகுதியோடு கூடிய முழுப்புழு விவரிக்கப்பட்டது. அதில் வளையங்களும் இருந்தன, மயிர்முட்களும் இருந்தன. 1990-களில் டி.என்.ஏ. ஆதாரமும் சேர்ந்தபின் இந்தத் தனித் தொகுதி கலைக்கப்பட்டு, பாலிகீட்டாவுக்குள் ஒரு குடும்பமாக ஆனது.

உடலமைப்பு

பெண் ஓசெடாக்ஸ் சில சென்டிமீட்டர் நீளம் உடையது. எலும்புக்கு வெளியே தெரிவது கூழ்போன்ற குழலில் பொதிந்த நடுவுடலும், அதன் நுனியில் விரியும் உணரிகளும். பெரும்பாலான இனங்களில் உணரிகள் நான்கு. அவையே செவுள்கள், குருதியில் உள்ள ஹீமோகுளோபினால் சிவந்திருக்கின்றன. ரூபிப்ளூமஸில் இந்தத் தோகை நீண்டு, முழுச் சிவப்பாக இருக்கும். அமெரிக்க நிலவியற்பியலாளர் ஃபிராங்க் பிரெஸ்ஸின் பெயர் தாங்கிய மற்றோர் இனத்தில் குட்டையான தோகையில் வெண்கோடுகள் காணப்படும். ஆபத்து என்றால் சட்டென்று தோகையைக் குழலுக்குள் இழுத்துக்கொள்ளும்.

எலும்புக்குள் மறைந்திருக்கும் பாதியே இந்த விலங்கின் தனித்தன்மை. உடலின் அடிப்பகுதி பெரிய முட்டைப்பையாகப் பருத்து, அதிலிருந்து பச்சை நிற வேர்கள் கிளைபிரிந்து எலும்பைத் துளைத்துச் செல்கின்றன. வேர்த் திசுவின் உயிரணுக்களுக்குள் ஓஷனோஸ்பிரில்லேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. குழல்புழு உறவினர்களும் பாக்டீரியாவை நம்பி வாழ்பவைதான். ஆனால் அவற்றின் பாக்டீரியாக்கள் சல்பைடு, மீத்தேன் போன்றவற்றிலிருந்து ஆற்றல் பெறுகின்றன. ஓசெடாக்ஸின் பாக்டீரியாக்களோ மக்கும் உயிர்ப்பொருளையே உண்பவை.

உண்ணும் முறை

பெரிய திமிங்கலத்தின் எலும்பில், எடைக்கு 60 சதவீதம் வரை கொழுப்பு இருக்கக்கூடும். அதோடு கொலாஜன் என்னும் புரதமும் உண்டு. இரண்டும் கால்சியம் பாஸ்பேட் என்ற கனிமத்துக்குள் பூட்டப்பட்டுள்ளன. அமிலம் இல்லாமல் அந்தப் பூட்டு திறக்காது. வேரின் மேல்தோல் உயிரணுக்களில் அமிலம் சுரக்கும் நொதிகள் செறிந்திருப்பதை 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் ஹைட்ரஜன் அயனிகளை உண்டாக்க, மற்றொரு நொதி அவற்றை வெளியே தள்ளுகிறது. நம் உடலில் பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் இதே வேதியியலைத்தான் கையாள்கின்றன. எலும்பு கரைந்தபின் கொலாஜனைச் சிதைக்க வேண்டும். அதற்கு உதவும் நொதிகளின் மரபணுக்கள் ஓசெடாக்ஸில் பெருகியிருப்பதை 2023-இல் வெளியான மரபுத்தொகுதி ஆய்வு தெரிவித்தது.

ஆணும் பெண்ணும்

முதலில் ஆய்வு மேசைக்கு வந்த புழுக்கள் எல்லாமே பெண்கள். ஆண்கள் எங்கே என்ற கேள்விக்கு விடை, பெண்ணின் குழலுக்குள்ளேயே இருந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவோ அதற்கும் குறைவோ உள்ள ஆண்கள் ஒரே குழலுக்குள் நூற்றுக்கும் மேல் தங்கியிருந்தன. அவை எதையும் உண்பதில்லை. கருவில் கொண்டுவந்த மஞ்சள்கருவை வைத்தே விந்தணு ஆக்கி, அது தீர்ந்ததும் வாழ்வு முடிகிறது. லார்வா உருவத்திலிருந்து அதிகம் மாறாத இந்த ஆண்களிடம் கொக்கி வடிவ மயிர்முட்கள் உண்டு. பெண்ணிடம் காணாமல்போன பாலிகீட்டா அடையாளம் ஆணிடம் இருக்கிறது! ஓர் இனத்தை விவரிப்பவர் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும் உருவத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

எலும்பில் இறங்கும் லார்வா பெண்ணாகவும், ஏற்கெனவே அங்கே வேரூன்றிய பெண்ணின்மேல் இறங்கும் லார்வா ஆணாகவும் வளர்கிறது என்ற கருத்து ஆய்வாளரிடையே வலுவாக உள்ளது. இதற்கு விலக்கும் உண்டு. ஓசெடாக்ஸ் பிரையாபஸ் என்ற இனத்தில் ஆணும் எலும்பில் வேரூன்றித் தானே உண்கிறது. ஆண் பெண்ணைவிடச் சிறியதுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுடையது. உடலை வெகுவாக நீட்டி அக்கம்பக்கத்துப் பெண்களை எட்டுகிறது. குள்ள ஆண்களைக் கொண்டிருந்த மூதாதையரிடமிருந்து மறுபடி முழு வளர்ச்சிக்குத் திரும்பிய அரிய நிகழ்வு இது.

பரவலும் தொன்மையும்

மான்டெரேயில் கிடைத்தது ஒரு தொடக்கமே. சுவீடன் கடற்கரையை ஒட்டி ஏறத்தாழ 125 மீட்டர் ஆழத்தில் அமிழ்த்தப்பட்ட மின்கே திமிங்கலத்தில் ஓசெடாக்ஸ் மியூகோஃபுளோரிஸ் கிடைத்து, 2005-இல் பெயர் பெற்றது. மறு ஆண்டு ஜப்பானின் கியூஷு தீவருகே ஓசெடாக்ஸ் ஜப்போனிகஸ் பதிவானது. அண்டார்க்டிகா, பிரேசில் கடற்பகுதிகளும் பிறகு பட்டியலில் சேர்ந்தன. மான்டெரே விரிகுடாவில் இறந்த திமிங்கலங்களை வெவ்வேறு ஆழங்களில் வேண்டுமென்றே அமிழ்த்தி, ஆண்டுக்கணக்கில் கண்காணித்தார்கள். அந்த உழைப்பின் பலனாக 2018-இல் ஒரே கட்டுரையில் 14 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன.

திமிங்கல எலும்பு மட்டுமே இதற்கு உணவு என்று தொடக்கத்தில் கருதினார்கள். மாட்டெலும்பையும் மீனெலும்பையும் கடலடியில் வைத்துப் பார்த்தபோது அவற்றிலும் ஓசெடாக்ஸ் குடியேறியது. மெக்சிகோ வளைகுடாவில் அமிழ்த்திய முதலை எலும்பிலும் வந்தது. 2015-இல் சில்வியா டானிசே, நிக்கோலஸ் ஹிக்ஸ் இருவரும், ஏறத்தாழ 10 கோடி ஆண்டு பழமையான பிளீசியோசார் என்ற கடல் ஊர்வனவின் புதைபடிவத்தில் இதே வகைத் துளைகளைக் கண்டறிந்தார்கள். திமிங்கலங்கள் தோன்றியது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது திமிங்கலங்களுக்கு வெகுகாலம் முன்பே இந்தப் புழு கடலில் இருந்திருக்கிறது.

இன்று அதற்குப் பெருந்தீனி திமிங்கலமே. 20-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. கடலடிக்குப் போய்ச் சேரவேண்டிய எலும்புகள் பெருமளவில் எண்ணெய்க்காகவும் உரத்துக்காகவும் ஆலைகளில் அரைபட்டன. எலும்பு விழுந்தால் ஒழிய வாழ இடமில்லாத ஓசெடாக்ஸையும் சேர்த்தே அந்த வேட்டையின் இழப்பைக் கணக்கிட வேண்டும்.