காராப் புடவையின் மங்கலச் சின்னங்கள்

மாட்டுங்காவில் வாழும் நம்மவர்க்கு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களும், அவற்றை ஒட்டிய தாதர் பார்சி குடியிருப்பும் நன்கு அறிந்தவை. பார்சிக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வழிவழியாக வந்து, திருமணம் முதலிய நன்னாட்களில் பெட்டியிலிருந்து வெளிவரும் பூவேலைப் பட்டுப் புடவை ஒன்று உண்டு. அதற்குக் ‘காரா’ என்று பெயர்.

அக்கலை பிறந்த இடம் சீன நாடு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்ப் பார்சி வணிகர்கள் பருத்தியும் அபினும் ஏற்றிக்கொண்டு காண்டன் துறைமுகம் சென்றனர். தேயிலையும் பட்டும் கொண்டு மீண்டனர். பெரு வணிகரான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதன்முறை சீனம் சென்றது 1799இல். அபினால் சீன மக்கள் அடைந்த கேட்டையும், 1839இல் மூண்ட போரையும் இவ்வழகிய துணியின் வரலாற்றிலிருந்து பிரித்தல் இயலாது.

ஊதா, கருஞ்சிவப்பு முதலிய ஆழ்ந்த நிறப் பட்டின்மீது வெண்பட்டு நூலாலும் இளவண்ண நூல்களாலும் சீனக் கைவினைஞர் தைத்த உருவங்கள் வெறும் அலங்காரம் அல்ல. கொக்கு நீண்ட ஆயுளைக் குறித்தது. பியோனி மலர் செல்வத்தையும் பெருமையையும் குறித்தது. ‘லிங்சி’ என்னும் காளான் சாவாமையின் சின்னம். மணப்பெண்ணின் புடவையில் காளானைத் தைக்க நாம் உடன்படுவோமா? சீனர்க்கோ அது அமுதத்திற்கு ஒப்பானது.

கடல் கடந்து பம்பாய் வந்தபின் இப்பொருள்கள் பல மங்கின. பார்சிப் பெண்டிர் தம் குஜராத்தி மொழியில் அவ்வுருவங்களுக்குப் புதுப் பெயர் சூட்டினர். சிறிதும் பெரிதுமான வட்டங்கள் ‘காந்தா பபேட்டா’ ஆயின. வெங்காயமும் உருளைக்கிழங்கும் என்பது அதன் பொருள். வட்டமான பூ ஒன்று ‘கரோலியா’, அதாவது சிலந்தி, ஆயிற்று. பறவை இணைகள் சிட்டுக்குருவிகளாயின. மொழிபெயர்ப்பே பணியாகக் கொண்ட நமக்கு இதில் வியப்பில்லை. பிறமொழிச் சொல்லின் கருத்து எட்டாதபோது, மக்கள் தம் வீட்டில் வழங்கும் சொல்லை அங்கே வைத்துக்கொள்கின்றனர். அப்புடவையும் அதனாலேயே அயலாரின் பொருளாக நில்லாது அவர்கள் வீட்டுப் பொருளாயிற்று.

நாமும் காஞ்சிப் பட்டுடன் இந்நகர் வந்தவர்கள். அன்னம், இருதலைப்பட்சி, உருத்திராக்கம், மயிற்கண் என நம் தாய்மார் விரல் வைத்துக் காட்டிய சின்னங்கள் இன்றும் நம் பெட்டிகளில் உள்ளன. ஆயினும் இங்கே பிறந்த நம் பிள்ளைகள் அவற்றை ‘டிசைன்’ என்ற ஒரு சொல்லால் அழைத்து அமைகின்றனர். பழைய பெயரையும் இழந்து, புதுப் பெயரும் சூட்டாவிடில் புடவை மட்டுமே எஞ்சும். அடுத்த திருமணத்திற்குப் பட்டை விரிக்கும்போது, அருகில் நிற்கும் பிள்ளைகளுக்கு அப்பெயர்களைச் சொல்லி வைப்போமாக.