பாதையை விட்டு இறங்கும் விளையாட்டு

2000ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்துக் காட்டில், டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணுக்குள் புதைத்து வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், மென்பொருட்கள், ஒரு கெட்டப்போல், ஒரு ரின் அவரைக்கொட்டை, பெயர் எழுத ஒரு கொப்பி, ஒரு பென்சில். பிறகு இணையக் குழு ஒன்றில் அந்த இடத்தின் ஆள்கூறுகளைப் போட்டார்: வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. கண்டுபிடிப்பவர் ஏதாவது எடுக்கலாம், பதிலுக்கு ஏதாவது வைக்க வேணும், கொப்பியில் எழுத வேணும். அவ்வளவுதான் விதி. மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்குப் பெயரும் வந்துவிட்டது: ஜியோகேச்சிங். இன்றைக்கு உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இப்படி ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கடற்கரைக் காடுகளிலும் சரணாலயங்களிலும் காட்டுநடை போகிறவர்களுக்கு இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

அந்த வாளி புதைக்கப்படுவதற்குப் பதினொரு நாள் முன்னம், ஏப்ரல் 22இல், ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் விழுந்தது. மே 3 அன்று சண்டை தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தது. சனம் மூட்டை முடிச்சோடு வீதியில் நின்றது. அதே வானம், அதே செயற்கைக்கோள்கள். ஒரு நாட்டில் அவற்றை வைத்து ஒருவர் அவரைக்கொட்டை ரின்னை ஒளிக்கிறார். இங்கே காட்டில் ஒளித்து வைத்ததெல்லாம் வேற.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. சுண்டிக்குளம் மாதிரி ஒரு கரையோரக் காட்டில் எங்கட பெடியளும் பெட்டையளும் கைபேசியை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டை ஆடலாமா? ஆடலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு முதல் இந்த மண்ணில் யார் யார் என்னென்ன ஒளித்தார்கள், யார் தேடினார்கள் என்று தெரிந்திருக்க வேணும்.

பிழையை நிறுத்திய இரவு

அல்மர் ஏன் மே 3ஐத் தேர்ந்தெடுத்தார்? முந்தைய இரண்டு நாளில் ஒரு விசயம் நடந்திருந்தது.

ஜிபிஎஸ் அமெரிக்க இராணுவத்தின் சொத்து. 1973இல் திட்டம் தொடங்கியது. 1983 செப்டெம்பர் 1இல் வழி தவறிப் போன கொரியப் பயணிகள் விமானம் ஒன்றை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 269 பேரும் செத்தார்கள். அதற்குப் பிறகு, இந்த ஏற்பாடு முடிந்ததும் பொதுமக்களும் பாவிக்கலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். ஆனால் பொதுமக்களுக்கு வந்த சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டது. உங்கட கருவி காட்டும் இடமும் நீங்கள் நிற்கும் இடமும் நூறு மீற்றர் வரை விலகி இருக்கும். கடலில் போகும் கப்பலுக்கு அது போதும். பற்றைக்குள் கிடக்கும் ஒரு வாளியைத் தேட அது உதவாது.

2000 மே 1ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன் அந்தப் பிழையை நிறுத்தும்படி உத்தரவிட்டார். அன்று நள்ளிரவோடு உலகத்தில் இருந்த எல்லாப் பொதுக் கருவிகளும் ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. அல்மரின் வாளி அந்தத் துல்லியத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த ஒன்று. ஆக, இந்த விளையாட்டு போருக்காகச் செய்த ஒரு பொருளின் பூட்டைத் திறந்துவிட்டதால் பிறந்தது.

வாளிக்கு முதல் போத்தல், போத்தலோடு குழை

ஒளித்துத் தேடும் பழக்கம் ஜிபிஎஸ்ஸோடு தொடங்கவில்லை. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854இல் கிரான்மியர் என்ற ஒதுக்குப்புறமான குட்டையடியில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு நடந்து வந்தவர்கள் தங்கட பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போவார்கள். அது பிறகு பெட்டியாகி, முத்திரையாகி, ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்தது. ஜியோகேச்சிங்கின் தாத்தா என்று அதைச் சொல்வார்கள்.

எங்கட பக்கத்திலும் ஒன்று இருந்தது. வன்னியில் காட்டுக்குள் இறங்குகிறவர்கள், தேன் எடுக்கப் போகிறவரோ மாடு சாய்க்கிறவரோ, காட்டு முகப்பில் ஒரு மரத்தடியில் குழை முறித்து வைத்துப் பிள்ளையாரையோ ஐயனாரையோ கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். குழை பச்சையாக இருந்தால் ஆள் இப்பதான் உள்ளே போயிருக்கிறது. வாடிக் கிடந்தால் போய் நேரமாகிவிட்டது. சாமி கும்பிடுதலும் அதுதான், வருகைப் பதிவும் அதுதான். இன்றைக்கும் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போக எத்தனையோ பேருக்கு மனம் வராது. பெரட்டின் போத்தலுக்கும் எங்கட குழைக்கும் ஒரே கருத்து: நான் இந்த வழியால் போனேன், எனக்குப் பிறகு வருகிறவருக்கு இது தெரியட்டும்.

கல் நட்டவர்கள்

ஆள்கூறு என்பது ஒரு இடத்துக்குக் கொடுத்த எண். அந்த எண்ணைக் கொடுப்பவர் யார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுக்க அளந்தார்கள். மலை இல்லாத இடத்தில் கோயில் கோபுரத்தில் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அந்தப் பெரிய அளவைக் கருவியைத் தூக்கும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்ட கதை பிரபலம். இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2இலேயே தொடங்கிவிட்டது. நீங்கள் சாதாரண தரத்தில் புவியியல் படித்திருந்தால் இடவிளக்கப்படத்தில் கட்டங்களை எண்ணி ஆள்கூறு சொல்லியிருப்பீர்கள். அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருப்பது இந்த இருநூறு வருட வேலை.

வன்னிக்கு இந்த வேலை கல்லாக வந்தது. கிளிநொச்சியின் பல ஊர்கள் காடு வெட்டிப் பிறந்த குடியேற்றத் திட்டங்கள். சேவையர் வந்து கயிறு பிடித்து, கல் நட்டு, துண்டு துண்டாகக் காணி பிரித்துக் கொடுத்தார்கள். அந்தக் கல் ஒரு குடும்பத்தின் உறுதி. போருக்குப் பிறகு இன்னொரு வகைக் கல் வந்தது. வனவளத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் நட்ட எல்லைக் கற்கள். தாங்கள் உழுத வயலுக்குள்ளேயே அந்தக் கல்லைக் கண்ட கமக்காரரின் முறைப்பாடுகளை வன்னியில் கேட்காத ஊர் இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி போடுவதும் ஒரு அதிகாரம்தான். அதை எங்கட ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கண்டுபிடிக்கக் கூடாதென்று ஒளித்தவை

ஜியோகேச்சிங்கில் ஒளிப்பவர், மற்றவர் கண்டுபிடிக்க வேணும் என்று விரும்பி ஒளிக்கிறார். மிதிவெடி இதற்கு நேர் எதிர். வருகிறவர் காணவே கூடாது என்பதுதான் அதன் வேலை. இரண்டு தரப்பும் புதைத்தன. முகமாலை, ஆனையிறவு, கிளாலிப் பக்கம் வருடக் கணக்காக முன்னரங்குகள் இருந்த இடங்களில் அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய பிள்ளைகளுக்கு அரிச்சுவடியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்த பாடம்: தெரியாத பொருளைத் தொடாதே, பாதையை விட்டு இறங்காதே.

இந்தப் பாடத்தோடு வளர்ந்தவர்களிடம் போய், பாதையை விட்டு இறங்கி, பற்றைக்குள் கிடக்கும் ஒரு டப்பாவைத் திறந்து பார் என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? உலகத்தின் வேற இடங்களில் இந்த விளையாட்டின் சுவாரசியமே அதுதான். இங்கே அது உடம்புக்குத் தெரிந்த பயம்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவர்கள் மிதிவெடி அகற்றும் பணியாளர்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்ற நிறுவனங்களின் பெயர்களை நாங்கள் வாகனங்களில் பார்த்து வளர்ந்திருக்கிறோம். வெயிலுக்குள் முகக்கவசமும் பாரமான அங்கியும் போட்டு, முழங்காலில் இருந்து, குப்பைவாரி மாதிரியான ரேக்கால் மண்ணை மெல்ல மெல்ல வாரி எடுப்பார்கள். பலர் பெண்கள். போரில் புருசனை இழந்து வீட்டைத் தனியே தாங்குகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். மிதிவெடி வயலின் எல்லை திரும்பும் ஒவ்வொரு மூலையும் ஜிபிஎஸ் ஆள்கூறாகப் பதியப்படும். எடுத்து முடித்ததும் அதே ஆள்கூறுகளோடுதான் காணி கையளிக்கப்படும். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முழுவதும் அகற்றி முடிக்க 2028 வரை தவணை.

ஜிபிஎஸ்ஸை வைத்துத் தேடும் வேலையை வன்னியில் யார் அதிகம் செய்தார்கள் என்று கேட்டால், என்னுடைய பதில் இந்தப் பெண்கள். உலகத்தில் எந்த ஜியோகேச்சருக்கும் இவ்வளவு பொறுமை இருந்திருக்காது.

இன்னொரு தேடலும் உண்டு. புலிகள் புதைத்த தங்கம் என்று சொல்லி, நீதிமன்ற அனுமதியோடு பெக்கோ கொண்டுவந்து கிண்டுவதும், ஒன்றும் இல்லாமல் குழியை மூடிவிட்டுப் போவதும் பத்திரிகையில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 2023 யூன் 29இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கக் கிண்டியபோது வெளியே வந்தது மனித எலும்பு. இன்னும் தங்கட பிள்ளையைத் தேடுகிற தாய்மார் வீதியோரத்தில் குந்தியிருக்கும் ஊர் இது. மண்ணைக் கிண்டுவது இங்கே ஒருக்காலும் வெறும் விளையாட்டாக இருக்காது.

சுண்டிக்குளத்தில் என்ன செய்யலாம்

ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சி, பரந்தன் தாண்டிக் கிழக்கே போனால் கடல்நீரேரியும் கண்டலும் மணல்மேடுமாகச் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மாரியில் வலசை வரும் பறவைகளும் பூநாரைக் கூட்டமும் அதன் அடையாளம். அதன் கடற்கரைத் தொடர்ச்சியில் உள்ள வெற்றிலைக்கேணியில்தான் 1991 ஆனையிறவுச் சண்டையின்போது இராணுவம் தரையிறங்கியது. 2004 டிசம்பர் 26இல் அந்தக் கரையைக் கடல் அடித்தது. 2009 தை மாதம் போர் அந்தப் பக்கத்தைக் கடந்து போனது. 2015 யூன் 22இல் அது தேசியப் பூங்காவானது. சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் போக ஏலாது. காடும் உயிரினங்களும் பார்க்கத்தான் அனுமதி, சாமான் விட்டுவிட்டு வருவதற்கில்லை. பறவை முட்டையிடும் பற்றையை மிதித்துக்கொண்டு டப்பா தேடுவது சட்டம் இல்லாவிட்டாலும் பிழைதான்.

ஆனால் டப்பா இல்லாமலும் இந்த விளையாட்டை ஆடலாம். நிலத்தைக் கிண்டிப் புதைக்கவே கூடாது என்பது இப்போது ஜியோகேச்சிங்கின் சொந்த விதி. அல்மரின் முதல் வாளி இன்றைக்கு அனுமதியே பெறாது. 2004இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் சங்கம் எர்த்கேச் என்ற ஒரு வகையைத் தொடங்கியது. அங்கே பெட்டி கிடையாது. ஆள்கூறு இருக்கும், ஒரு கேள்வி இருக்கும். அந்த இடத்தில் நின்று பார்த்தால்தான் பதில் கிடைக்கும். பதிலை அனுப்பினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு.

இதுதான் எங்களுக்குப் பொருந்துகிற வடிவம். புள்ளிகள் எல்லாம் சனம் நடக்கிற வீதியிலும் குளக்கட்டிலும் கோயிலடியிலும் இருக்கட்டும். அக்கராயன் குளத்தின் வான் எந்தப் பக்கம் பாய்கிறது? துருசில் ஏதாவது வருடம் பொறித்திருக்கிறதா? சுண்டிக்குளத்துக்குப் போகும் பாதையில் எந்த இடத்தில் பாலை மரம் முடிந்து கண்டல் தொடங்குகிறது? நீரேரி எந்த மாதத்தில் வற்றுகிறது, அப்போது மண்ணின் நிறம் என்ன? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு சின்ன வரலாறு இருக்கும்.

எனக்கு இதில் பெரிய தேவையாகத் தெரிவது பெயர்கள். வன்னிக் காட்டில் ஒவ்வொரு மோட்டைக்கும் மேட்டுக்கும் ஒவ்வொரு பெயர் இருந்தது. மாடு சாய்த்தவருக்கும் தேன் எடுத்தவருக்கும் அந்தப் பெயர்கள்தான் வரைபடம். திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்ததில் அந்த வாய்வழி வரைபடம் கிழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது எண்பது வயது தாண்டிய சிலரின் ஞாபகத்தில். கூகிள் வரைபடத்தில் அந்த இடங்கள் வெறும் பச்சை. வர்த்தமானியில் அவை ஒரு எல்லைக்குள் அடங்கிய ஹெக்டேயர் கணக்கு. ஒரு அப்பப்பாவையோ அம்மம்மாவையோ கூட்டிக்கொண்டு போய், "இந்த இடத்துக்கு முந்தி என்ன பெயர்?" என்று கேட்டு, ஆள்கூறோடு எழுதி வைத்தால் அது விளையாட்டுக்கும் புள்ளி, ஊருக்கும் பதிவு. நாளைக்கு யாரும் வந்து இங்கே ஆட்கள் இருந்ததே இல்லை என்று கல் நட்டால், காட்ட எங்களிடம் ஒரு கொப்பியாவது இருக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு மூன்று விசயம். மிதிவெடி எடுத்து முடித்ததாகக் கையளிக்கப்படாத இடத்துக்கு ஒரு புள்ளியும் போடாதீர்கள். சந்தேகமென்றால் கிராம அலுவலரைக் கேளுங்கள். தனியார் காணியில் போடுவதற்கு முதல் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். பெயர் சொன்ன பெரியவரிடம் திரும்பிப் போய், அவர் சொன்ன இடம் கைபேசியில் எப்படித் தெரிகிறது என்று ஒருக்கால் காட்டுங்கள். பிழை இருந்தால் அவர்தான் திருத்துவார், செயற்கைக்கோள் இல்லை.