அயோவாவின் தாய்ப் பள்ளிவாசல்

அமெரிக்க முஸ்லிம்களின் வரலாறு என்றதும் நம்மில் பலருக்கு நியூயார்க், சிக்காகோ, டிட்ராய்ட் முதலிய பெருநகரங்களே நினைவுக்கு வருகின்றன. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்க முஸ்லிம்களைப் பற்றியும், 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் அங்கு சென்ற மருத்துவர், பொறியாளர்களைப் பற்றியும் தமிழில் ஓரளவு எழுதப்பட்டுள்ளது. நாட்டின் நடுப்பகுதியில், மக்காச்சோள வயல்களால் நிறைந்து, பன்றி வளர்ப்பில் அமெரிக்காவிலேயே முதலிடம் வகிக்கும் அயோவா மாநிலத்தை இவ்வரலாற்றோடு இணைத்துப் பார்ப்போர் அரியர். ஆயினும் அந்நாட்டில் பள்ளிவாசலாகவே கட்டப்பட்டு இன்றும் நிலைத்திருக்கும் கட்டடங்களுள் மிகப் பழைமையானது அங்குதான் உள்ளது.

அயோவாவில் முஸ்லிம்கள் குடியேறுவதற்கு முன்பே ஒரு முஸ்லிமின் பெயர் அம்மண்ணில் பதிந்துவிட்டது. 1846ஆம் ஆண்டு, அயோவா மாநிலத் தகுதி பெற்ற அதே ஆண்டில், வடகிழக்கில் டர்க்கி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூருக்கு மனை அளக்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான டிமோத்தி டேவிஸ் என்னும் வழக்கறிஞர், பிரெஞ்சு ஆக்கிரமிப்பை எதிர்த்து அல்ஜீரியாவில் போரிட்டுக்கொண்டிருந்த அமீர் அப்துல் காதிரின் வீரத்தில் ஈடுபட்டு, ஊருக்கு 'எல்கேடர்' எனப் பெயர் சூட்டினார். அமீர் அப்போது தோற்கவுமில்லை, சரணடையவுமில்லை. 1847 டிசம்பரில்தான் அவர் வாளைக் கீழே வைத்தார். கீழ்த்திசைக்குச் செல்ல விடுவதாக அளித்த வாக்கை மீறி, பிரான்ஸ் அவரை 1852 வரை சிறையில் வைத்திருந்தது.

பின்னர் திமிஷ்கில் வாழ்ந்த அமீர், 1860ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களுக்கு அடைக்கலமளித்துக் காத்ததும், அதைப் பாராட்டி ஆபிரகாம் லிங்கன் கைத்துப்பாக்கிகளைப் பரிசாக அனுப்பியதும் நம் வாசகர்களிற் பலர் அறிந்தவையே. எல்கேடருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இவை எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. ஒரு பேரரசை எதிர்த்து நின்றவர் என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. பிரிட்டனை எதிர்த்து விடுதலை பெற்றவர்களின் பேரர்கள் அல்லவா! 1984இல் எல்கேடரும் அமீரின் சொந்தப் பகுதியான மஸ்காராவும் சகோதர நகரங்களாக இணைந்தன.

பெயர் முன்னே வந்தது. மக்கள் பின்னே வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உதுமானிய ஆட்சியின் கீழிருந்த சிரியாவிலிருந்தும் இன்றைய லெபனானிலிருந்தும் இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் பெரும்பாலோர் கிறிஸ்தவர், முஸ்லிம்கள் சிறுபான்மையினர். ஊசி, நூல், துணி முதலியவற்றை மூட்டையாகக் கட்டி முதுகில் சுமந்து, பண்ணை பண்ணையாக நடந்து விற்பதே அவர்களின் தொழில். கடைவீதிக்கு அடிக்கடி வர இயலாத பண்ணை வீட்டுப் பெண்களுக்கு இந்த மூட்டை வியாபாரிகள் தேவைப்பட்டனர். மூட்டை குதிரை வண்டியாயிற்று. வண்டி மளிகைக் கடையாயிற்று. கடை வைத்தவர்கள் மனைவியரை அழைத்துவந்தனர். சிடார் ரேப்பிட்ஸ் நகரில் ஒரு ஜமாஅத் உருவாயிற்று.

1920களில் வாடகைக் கூடத்தில் தொழுதுவந்த அவர்கள், சொந்தப் பள்ளிவாசல் கட்ட முனைந்த காலம் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலமாக அமைந்தது. வங்கிகள் மூடிக்கொண்டிருந்த நாட்களில் மூட்டை வியாபாரிகளும் சிறு கடைக்காரர்களும் பணம் திரட்டினர். பெண்கள் விருந்து சமைத்து விற்றும் நிதி சேர்த்தனர். 1934 பிப்ரவரியில் கட்டடம் நிறைவுற்றது. வெண்ணிற மரப்பலகைச் சுவர்கள், வாயிலின் மேல் ஒரு சிறு குவிமாடம், கீழ்த்தளத்தில் சமையலறையும் கூடமும். குவிமாடத்தை எடுத்துவிட்டால் அக்காலத்து நாட்டுப்புறப் பள்ளிக்கூடம் என்றே நினைக்கத் தோன்றும். தொடக்கத்தில் 'சகோதரத்துவ ரோஜா லாட்ஜ்' என்ற பெயரும் அதற்கு வழங்கியது. அமெரிக்கர் அறிந்திருந்த சங்க அமைப்பின் பெயரை மேலே போர்த்திக்கொண்டு உள்ளே தொழுகையை நிலைநிறுத்தினர் போலும். இதை மார்க்கத்தில் நெகிழ்ச்சி என்று குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

இதற்கு முன்பும் அமெரிக்காவில் பள்ளிவாசல் கட்டியோர் உண்டு. மிச்சிகனின் ஹைலாண்ட் பார்க்கில் 1921இலேயே ஒன்று கட்டப்பட்டது. ஆனால் விரைவிலேயே கைமாறிவிட்டது. வடக்கு டகோட்டாவின் ராஸ் என்ற சிற்றூரில் 1929இல் கட்டப்பட்ட பள்ளி, ஜமாஅத் கலைந்துபோனதால் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. அதனாலேயே சிடார் ரேப்பிட்ஸ் பள்ளிக்கு 'தாய்ப் பள்ளிவாசல்' என்ற சிறப்பு நிலைத்தது.

அப்பள்ளியின் இளந்தலைமுறையில் ஒருவர் அப்துல்லாஹ் இக்ராம். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். படைவீரர் கழுத்திலணியும் அடையாளத் தகட்டில் புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கர், யூதர் ஆகியோருக்கு மட்டுமே எழுத்துகள் இருந்தன, முஸ்லிமுக்கு எதுவுமில்லை. போர்க்களத்தில் அவர் இறந்திருந்தால், எந்த முறைப்படி அடக்குவது என்பதை அவர் உடலருகே நிற்பவர் அறிய வழியிருந்திராது. 1953இல் அவர் அதிபர் ஐசனோவருக்கே இதுபற்றிக் கடிதம் எழுதினார். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஜனாஸாவின் உரிமைகளை அறிந்த நம் வாசகர்களுக்கு அதன் கனம் விளங்கும்.

ஓராண்டுக்கு முன், 1952இல், இக்ராமின் முயற்சியால் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ நானூறு முஸ்லிம்கள் சிடார் ரேப்பிட்ஸில் கூடினர். சிதறிக்கிடந்த சிறு ஜமாஅத்துகள் ஒன்றையொன்று அறிந்துகொண்ட முதல் தேசிய மாநாடுகளுள் ஒன்று அது. அதிலிருந்து பிறந்த அமைப்பே 1954இல் அமெரிக்க, கனடிய இஸ்லாமியச் சங்கங்களின் கூட்டமைப்பாயிற்று. இதற்கும் முன்னதாக, 1948இல், வில்லியம் யஹ்யா ஆஸி என்பவர் அளித்த நிலத்தில் முஸ்லிம்களுக்கென்றே தனி மையவாடி அமைந்திருந்தது.

இத்தனை பெருமைக்குரிய பள்ளியை அந்த ஜமாஅத்தே ஒருநாள் விற்றுவிட்டது. எண்ணிக்கை பெருகி இடம் போதாமையால் 1971இல் புதிய இஸ்லாமிய மையம் எழுந்தது. பழைய கட்டடம் கைமாறியது. இளைஞர் மன்றமாகவும் கிறிஸ்தவ வழிபாட்டிடமாகவும் இருந்து, இறுதியில் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. புதியது கட்டியதும் பழையதைச் சுமையாகக் கருதும் வழக்கம் நம் ஊர்களிலும் உண்டென்பதால், அவர்களை மட்டும் கடிந்துகொள்வது முறையன்று. 1990களின் தொடக்கத்தில் அயோவா இஸ்லாமியப் பேரவை அதைத் திரும்ப வாங்கிப் புதுப்பித்தது. 1996இல் அது தேசிய வரலாற்றிடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

2008 ஜூனில் பெருவெள்ளம் வந்தது. எல்கேடரில் டர்க்கி ஆறும் சிடார் ரேப்பிட்ஸில் சிடார் ஆறும் கரைபுரண்டன. அமீரின் பெயர் தாங்கிய ஊருக்கு அல்ஜீரிய அரசு 1,50,000 டாலர் உதவி அனுப்பியது. 162 ஆண்டுகளுக்கு முன் சூட்டிய பெயர் அவ்வூர் மக்களுக்குக் கைகொடுத்தது. தாய்ப் பள்ளிவாசலின் கீழ்த்தளத்திலும் வெள்ளம் புகுந்தது. பழைய ஆவணங்கள் வைக்கப்பட்டிருந்தது அங்குதான். கட்டடத்தைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தனர். நீரில் ஊறி அழிந்த தாள்களை மீட்க வழியில்லை.