வேதனையற்ற ஓட்டம்: மெதுவோட்ட இயக்கத்தின் தோற்றமும் படிப்பினையும்

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற எமில் சாதொபெக், ஓடும்போது முகங்கோணித் துன்புறுபவராகவே காட்சியளித்தார். நெடுந்தூர ஓட்டம் என்றதும் அக்காலத்தவர் பலரின் மனக்கண்ணில் தோன்றிய காட்சியும் அத்தகையதே. ஓட்டம் வீரர்க்கே உரியது, அதற்குரிய விலை வேதனை, நடுவயதைக் கடந்தோர்க்கு அது ஆகாது என்பன பொதுவான எண்ணங்களாயிருந்தன. மாரடைப்புக்கு உள்ளானோர்க்கு நீண்ட படுக்கை ஓய்வே நெடுங்காலம் விதிக்கப்பட்டு வந்தது. இவ்வெண்ணங்களை அசைத்தவர்களுள் முதன்மையானவர், நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரைச் சேர்ந்த சப்பாத்துத் தொழிலாளியான ஆதர் லிடியாட் (1917–2004) ஆவார்.

இளமையில் றக்பி ஆடிவந்த லிடியாட், தம்மிலும் மூத்த ஒருவருடன் ஐந்து மைல் ஓடியபோது மூச்சுத் திணறித் துவண்டார். தமது உடல்வலிமை குறித்து அவர் கொண்டிருந்த நம்பிக்கை அதனால் தகர்ந்தது. பின்னர் பல ஆண்டுகள் தம் உடலையே சோதனைக்களமாக்கினார். வாரத்திற்கு 250 மைல் வரையும் ஓடிப் பார்த்தார். அளவு மீறியபோது உடல் தளர்வதையும், மிதமான வேகத்தில் நெடுந்தூரம் ஓடியபோது அது வலுப்பெறுவதையும் கண்டார். பயிற்சி வேண்டும், வருத்தம் வேண்டாம் என்பதே அவர் கொள்கையின் சாரம் எனலாம்.

1960 செப்டெம்பர் 2ஆம் திகதி றோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும், மரே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் தங்கம் வென்றனர். உலகம் வியந்தது இவ்வெற்றிகளையே. ஆயினும் சமூக வரலாற்று நோக்கில் இவற்றினும் முக்கியமானது, 1962இல் ஒக்லாந்தில் உருவான மெதுவோட்டக் கழகமாகும். நடுவயதினரும் இதயநோயிலிருந்து மீண்டோரும் அதிற் சேர்ந்தனர். அவர்கள் நாடியது பதக்கத்தை அன்று, இழந்த உடல்நலத்தையே. ஓடிக்கொண்டே உரையாட இயலாதெனின் வேகம் மிகுதி என்பது அவர்களுக்குரிய எளிய அளவுகோல். இதயமும் நுரையீரலும் பயிற்சிக்கு விரைவிற் பழகுகின்றன. எலும்பும் தசைநாணும் மெல்லவே பழகுகின்றன. தூரத்தையும் வேகத்தையும் அவசரமாகக் கூட்டுவோர் காயமுறுவதற்கு இவ்விடைவெளி ஒரு முக்கிய காரணமாகும்.

அவ்வாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் பில் பவர்மன் அங்கு வந்தார். கழகத்தாருடன் ஓடத் தொடங்கிய அவர் விரைவிலேயே பின்தங்கினார். மாரடைப்பிலிருந்து மீண்ட, எழுபது வயதைக் கடந்த முதியவர் ஒருவரே தமது வேகத்தைக் குறைத்து அவருக்குத் துணையாக ஓடினார். நாடு திரும்பிய பவர்மன் 1963இல் பொதுமக்களைத் திரட்டி மெதுவோட்டம் பயிற்றினார்; இதயநோய் நிபுணரான ஹரிஸுடன் இணைந்து 1967இல் வெளியிட்ட நூல் பத்து லட்சத்துக்கும் மேலாக விற்பனையாயிற்று.

இயக்கம் பரவியபோது மிகைநம்பிக்கையும் உடன் பரவிற்று. ஓட்டம் பற்றிய நூலை 1977இல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற ஜிம் ஃபிக்ஸ், 1984 யூலை 20ஆம் திகதி ஓடச் சென்றவிடத்து 52ஆவது வயதில் மாரடைப்பால் மரணமானார். அவருடைய தந்தை 43 வயதில் இதயநோயால் இறந்தவர். ஃபிக்ஸும் முன்னர் புகைப்பழக்கமும் மிகையான உடற்பருமனும் உடையவராயிருந்தவர். அவரது மரணம் ஓட்டத்தின் தோல்வியெனச் சிலர் கூறினர். அக்கூற்று பொருந்தாது, எனினும், ஓட்டம் சகல நோயையும் தடுக்கும் கவசமன்று என்பதை அது உணர்த்திற்று.

லிடியாட்டின் கொள்கை வீரரிடமிருந்து ஓட்டத்தைப் பறிக்கவில்லை. நோயாளர்க்கும் முதியோர்க்கும் அதிற் பங்களித்தது. உடல் விடுக்கும் எச்சரிக்கையை மதித்து, வேகத்தைக் குறைக்கவும் வேண்டியபோது நிற்கவும் துணிவதே அப்பங்கை நிலைபெறச் செய்யும்.