கிந்தனார் ஒரு குறும்படம்

குறும்படம்னா என்ன என்று கேட்டால் பலரும் முதலில் நிமிடக் கணக்கைத்தான் சொல்வார்கள். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. போட்டி நடத்த இந்தக் கணக்கு வேணும், சரிதான். வரலாற்றைப் புரிந்துகொள்ள இது போதாது. 1895ல் பாரீஸில் லூமியே சகோதரர்கள் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. அன்றைக்கு எல்லாப் படமும் சின்னப் படம்தான். நீளப்படம் வந்து நிலைத்த பிறகுதான் குறும்படம் தனி வகை ஆச்சு.

நம்ம பக்கம் பேசும்படம் 1931ல் வந்தது. பாட்டும் கூத்துமாக மணிக்கணக்கில் ஓடும் படங்கள். சின்ன நகைச்சுவைப் படங்களை முக்கியப் படத்தோடு சேர்த்துக் காட்டும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. ஒழுகினசேரியில் 1908ல் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன் பேர் வாங்கியது இந்தச் சூழலில்தான். பல படங்களில் அவரும் மதுரமும் வரும் பகுதி, தனக்கென்று கதையும் ஆட்களும் உள்ள தனிப்படம் மாதிரியே இருக்கும்.

இதற்கு நல்ல சான்று 'நல்லதம்பி' (1949). அண்ணாதுரை எழுதி, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். மதுவிலக்கைப் பேசும் அந்தக் கதைக்கு நடுவே கிந்தனார் காலட்சேபம் வரும். நந்தனார் கதையின் சாயலில் அமைந்த கதை அது. சாதியால் ஒதுக்கப்பட்ட பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அவ்வளவுதான்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, பேசும் பொருள் ஒன்றே ஒன்று: படிப்பு. கிளைக்கதை கிடையாது. இரண்டு, காலட்சேபம் ஆனதால் கதை சொல்பவரே வருஷக்கணக்கை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார். நடந்ததை எல்லாம் காட்ட வேண்டியதில்லை, கேட்பவர் நிரப்பிக்கொள்வார். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு இது புதுசில்லை. மூன்று, அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாலும் தனியாக நிற்கும். 'நல்லதம்பி'யைப் பார்க்காதவருக்கும் கிந்தன் புரிவான்.

என் பார்வையில் குறும்படத்தின் இலக்கணம் இந்த மூன்றும்தான். நிமிடம் அதற்குப் பிறகு.

இதை இப்போ சொல்லக் காரணம் உண்டு. 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி போன்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக வந்து 2012ல் முழுநீளப் படமாச்சு. நல்ல விஷயம்தான். ஆனால் அதிலிருந்து, குறும்படம்னா தயாரிப்பாளரிடம் காட்டும் விசிட்டிங் கார்டு என்ற எண்ணமும் வந்துவிட்டது. மூன்று மணி நேரக் கதையைப் பதினைந்து நிமிடத்துக்குள் திணித்து, பின்னணி இசையால் மூச்சுமுட்ட வைக்கிறார்கள்.

செல்போனில் படம் எடுக்கும் நாகர்கோவில் தம்பிகள் ஒருமுறை கிந்தனாரைப் பார்க்கலாம். நாம் எடுத்த படம் பெரிய படத்தின் முன்னோட்டம் மாதிரி தெரிந்தால், அது இன்னும் குறும்படம் ஆகவில்லை என்று அர்த்தம்.